கிள்ளானில் ஒரு நீல வீடு

ரப்பர் மரம் தேடி மலேசியாவுக்குப் போன எனக்கு முதல் நாள் முழுக்கக் கிடைத்தது சாப்பாடுதான்.

நான் சினிமாவில் கலைத்துறையில் இருக்கிறேன். படப்பிடிப்புக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் இடம் பார்த்து வைப்பது என் வேலை. நாங்கள் அதை லொகேஷன் பார்ப்பது என்போம். என் மாமியார் ஊர் சுற்றுவது என்பார். இந்த முறை கதை மலேசியத் தோட்டத்தில் நடக்கிறது. தோட்டத்து வீட்டில் பிறந்த பையன் சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளாகி, பல வருடம் கழித்து அம்மாவைப் பார்க்கத் திரும்பி வருகிறான். அந்த வீடுதான் படத்துக்கு உயிர். அதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

தயாரிப்பாளர் விமான நிலையம் வரைக்கும் போனில் பேசிக்கொண்டே வந்தார். "கேரளாவுல இல்லாத ரப்பர் மரமா? இந்த வாரத்துக்குள்ள வீடு கிடைச்சாப் பாருங்க. இல்லன்னா கோட்டயம் பக்கம் ஒரு செட்டைப் போட்டு முடிச்சிடலாம்" என்றார். செட் போட்டால் எனக்குத்தான் வேலை அதிகம், பேரும் அதிகம். ஆனாலும் மலேசியாவில் வாழ்ந்தவர்களின் கதையைக் கோட்டயத்தில் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னேன். அவருக்கு அப்போது பார்த்து சிக்னல் போய்விட்டது.

கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் தங்கினேன். எங்களுக்காக அங்கே வேலை பார்ப்பவர் குணா. நாற்பது வயது இருக்கும், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. கல்யாண வீடியோ எடுப்பதும் வெளியூர் சினிமாக்காரர்களுக்கு இடம் காட்டுவதும் தொழில். பார்த்ததும் முதல் கேள்வி, "அக்கா, பசியாறியாச்சா?" விமானத்தில் ஏதோ கொடுத்தார்கள் என்றேன். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று சொல்லிப் பூக்கடைகளுக்கு நடுவில் இருந்த ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார்.

பரிமாறிய பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்டது, ஆனால் 'போதும்' என்ற சொல் மட்டும் கேட்கவில்லை. வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், கையைச் சுற்றிக்கொண்டு பாகற்காய் வறுவல் வந்து விழுந்தது. "மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, வேணாம்னா எப்படி?" என்றார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். முதல் வேண்டாமை யாரும் மதிப்பதில்லை. மூன்றாவது வேண்டாமுக்குத்தான் கரண்டி நிற்கும். கடல் தாண்டியும் இந்தச் சட்டம் அப்படியே அமலில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றுக்குத்தான் பிடிக்கவில்லை.

மறுநாள் குணாவின் வேனில் சுங்கை பூலோ. போகிற வழியெல்லாம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு ரப்பர் மரம் தேடினேன். "அதெல்லாம் எப்பவோ வெட்டியாச்சு லா. இப்ப எங்க பாத்தாலும் செம்பனதான். செம்பனையும் இல்லன்னா கொண்டோதான்" என்றார் குணா. செம்பனை என்பது எண்ணெய்ப்பனை, கொண்டோ என்பது அடுக்குமாடி வீடு. நாங்கள் தேடிய தோட்டங்களின் பெயர்கள் பலவும் இப்போது அடுக்குமாடிகளின் பெயர்களாக இருந்தன.

சுங்கை பூலோவில் பழைய மருத்துவக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைத் தனியாக வைத்திருந்த பள்ளத்தாக்கு. சின்னச் சின்ன வீடுகள், நடுநடுவே செடி விற்கும் நாற்றுப்பண்ணைகள். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம்தான். ஆனால் அந்த வீடுகளுக்கென்று வேறு கதை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எங்கள் கதையை அங்கே கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. செடி விற்ற சீனக் கிழவர் குணாவிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "படம் எடுக்கறவங்க நெறைய பேர் வராங்களாம். செடி மட்டும் யாரும் வாங்கறதில்லையாம்." ரோஷத்தில் தொட்டியோடு ஒரு காகிதப்பூச் செடி வாங்கினேன். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பது வேனில் ஏறிய பிறகுதான் உறைத்தது. செடி பின்சீட்டில் எங்களோடு பயணம் செய்யத் தொடங்கியது.

அதற்கடுத்த நாள் வேனுக்கு பேட்டரி போய்விட்டது. ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்துவிடுங்கள், நான் சரிபண்ணிக்கொண்டு அங்கே வருகிறேன் என்றார் குணா. சென்னையில் பறக்கும் ரயில், மெட்ரோ எல்லாம் ஏறி இறங்கிய திமிரோடு ஏறி உட்கார்ந்தேன். பெண்களுக்கான பெட்டி, குளுகுளு காற்று. நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து பக்கத்திலிருந்த மலாய் மாணவியிடம் கிள்ளான் எப்போது வரும் என்று கேட்டேன். "இந்த ரயிலில் வரவே வராது ஆன்டி" என்றாள் ஆங்கிலத்தில். ரயில் மாறி ஏறியதைவிட அந்த ஆன்டிதான் அதிகம் சுட்டது.

காஜாங்கில் இறங்கி நின்றேன். குணா வேனோடு வந்து சேர மதியமாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பக்கத்தில் செமினி வரை போய்ப் பார்ப்போம் என்று போனதில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மலையடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே ஓர் ஆறு கிடைத்தது. பையன் சின்ன வயதில் குளிக்கும் காட்சிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. வழியெங்கும் புதுக் குடியிருப்புகள், எல்லா வீடும் ஒரே அச்சு. சாயங்காலம் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் ஒதுங்கி, தே தாரேக் என்ற நுரை பொங்க ஆற்றிய டீ குடித்தோம். கடைக்காரரின் தகப்பனார் நாகூர்ப்பக்கமாம். ரப்பர் மரம் தேடுகிறோம் என்றதும், "நாப்பது வருஷம் முன்னாடி வந்திருக்கணும் நீங்க" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆறு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. இயக்குநரோ வார இறுதியில் சென்னையிலிருந்து கிளம்புவதாக இருந்தார். அன்று இரவு கோட்டயத்தில் செட் போடுவதற்கு மனதுக்குள் படம் வரைய ஆரம்பித்துவிட்டேன்.

கிள்ளானுக்கு மறுநாள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றோரத்துப் பழைய ஊர். கீழே நடக்கவும் மேலே வண்டி போகவும் கட்டிய பாலம், மாடிக் கடைவீடுகள், இந்தியக் கடைத்தெருவில் காதைப் பிளக்கும் பாட்டு. சேலைக்கடை வாசலில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "மூஞ்சியப் பாத்தா ஊருக்காரங்க மாதிரி இருக்கு, வெல கூட்டிச் சொல்லு." ஊர் என்றால் அவர்களுக்கு இந்தியா. நான் ஒன்றும் வாங்காமல் நடந்தேன்.

காப்பார் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் செம்பனைக்கு நடுவில் ஒரு மண்பாதை. அதன் முடிவில் பழைய தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சியிருந்தவை நாலைந்து வீடுகள். கடைசி வீட்டைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொன்னேன். பாதிச் சுவர் செங்கல், பாதி பலகை. எப்போதோ அடித்த நீலம் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, பலகையின் ரேகை வெளியே தெரிந்தது. துத்தநாகக் கூரையில் துரு. வாசல் படி தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது. பின்னால், நம்ப மாட்டீர்கள், யாரும் வெட்ட மறந்துபோன இரண்டு ரப்பர் மரங்கள். என் தொழிலில் இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா. அறுபதை நெருங்கும் வயது, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். புருஷன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர், தவறிவிட்டார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். அப்பா காரியத்துக்கு வந்து போனவன், அதன் பிறகு வரவில்லை. "லீவு கெடைக்கலையாம்" என்றார் நான் கேட்காமலே.

தேநீர் வைக்கப் போனவரை, இப்போதுதான் குடித்தோம், வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். பேசிக்கொண்டே உள்ளே போய்த் தேநீரும் சோமாசி மாதிரி மடித்துப் பொரித்த சூடான கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தின்றேன்.

அம்மாவைப் பார்க்கத் திரும்பி வரும் மகனின் கதை, அந்தச் சினிமாவுக்கு வீடு கேட்கிறோம் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இந்த வீடா? இந்த வீடாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தைப்பூசம் முடிஞ்சதும் சாவியக் குடுத்திரணும். நெலத்த வித்துட்டாங்க. மகன் செமினியில அப்பார்ட்மெண்ட் பாத்து வச்சிருக்கான். நல்ல எடந்தான், கொற சொல்லக் கூடாது. ஆனா எங்க வீட்டுக்காரர் இங்கதான் இருந்தாரு, பையன் இங்கதான் தவழ்ந்தான். படத்துல வந்துச்சுன்னா அங்க போய் ஒக்காந்துகிட்டுப் போட்டுப் போட்டுப் பாத்துக்குவேன்ல?"

என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். ஆனால் மனதுக்குள் கொடுத்துவிட்டேன். படங்களை அனுப்பியதும் இயக்குநர் பதிலுக்கு வாட்ஸ்அப்பில் நெருப்புப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார். "மேம், அந்தச் சுவர்! அந்த டெக்ஸ்ச்சர்! வெள்ளிக்கிழமை ஃப்ளைட் போடறேன்." என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இது இரண்டாவது படம். சுவரைப் பார்த்தால் பொண்ணு பார்த்த மாதிரி வெட்கப்படுவார்.

கிளம்பும்போது பரமேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். "டைரக்டர் சனிக்கிழமை வரார்க்கா. வீடு அப்படியே இருக்கட்டும். எதுவும் செய்ய வேண்டாம்." அவர், "சரிம்மா, சரிம்மா" என்றார். காகிதப்பூச் செடியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை இயக்குநரை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மண்பாதையின் முடிவில் குணா வேனை நிறுத்தினார். இயக்குநர் சந்தேகமாகக் கேட்டார், "வேற எடத்துக்கு வந்துட்டமா?"

என் நீல வீட்டைக் காணோம். அந்த இடத்தில் பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு வீடு நின்றது. ஜன்னல் சட்டங்களுக்குப் பச்சை. கூரைக்கு வெள்ளிப் பூச்சு. படிக்குச் சிமென்ட் பூசி, குழியை நிரவி, சிவப்படித்திருந்தார்கள். மாவிலைத் தோரணம், பெரிய கோலம், வாசலுக்கு இடப்பக்கம் என் காகிதப்பூச் செடி. பரமேஸ்வரி அக்கா பட்டுச்சேலையில் நின்றார். அவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்து ஆண்கள், முடியிலும் மீசையிலும் மஞ்சள் தெறிக்க, தூங்காத கண்களோடு கும்பிட்டார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கிட்டே போய்க் குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன், "அக்கா, நான் எதுவும் செய்ய வேண்டாம்னு சொன்னேனே?"

"நீங்க சொல்லுவீங்கதான்" என்றார் சிரித்தபடி. "வீட்டுக்கு வரவங்க வேற என்ன சொல்லுவாங்க? நீங்க தேத்தண்ணியும்தானே வேணாம்னீங்க?"

இயக்குநர் என்னை ரப்பர் மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போச்சு மேம். நாம மறுபடி பழசாக்கினாலும் அது மேக்கப்பாத்தான் தெரியும். கேரளாவையே பாத்துடலாம். பாவம், அவங்ககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க" என்றார். குணா தூரத்தில் நின்று எங்கள் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு அன்றுதான் முதல் முறையாக இறங்கியது.

சொல்லத்தான் வீட்டுக்குள் போனேன். அடுப்படியில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்க, உள்ளாறயும் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் அக்கா. பின்பக்கம் ஒரு சின்ன அறை. கட்டில், பள்ளிக்கூடக் கோப்பைகள், சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டி வைத்த பழைய பந்தாட்டக்காரர்களின் படங்கள். ஜன்னல்கூட இல்லாத அந்த அறைக்குள் எந்தக் கேமராவும் வராது. அதற்கும் நாலு பக்கமும் புதுப் பூச்சு. கட்டிலில் புது விரிப்பு.

"இந்த ரூமுக்கு எதுக்குக்கா அடிச்சீங்க? இங்க படம் எடுக்க மாட்டோமே" என்றேன்.

"அவன் ரூமு" என்றார். "சினிமாவுல வீடு வருதுன்னு வீடியோ கால்ல சொன்னேனா? அப்ப ஒரு எட்டு வந்துட்டுப் போறேம்மான்னான். நெசமாத்தான் சொன்னானோ, சும்மாச் சொன்னானோ. வந்தா அழுக்கா இருக்கக் கூடாதுல்ல?"

நான் அந்தப் புது விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் விறுவிறுவென்று வெளியே வந்தேன். இயக்குநர் வாசல் தூணில் சாய்ந்து போனில் தயாரிப்பாளரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, போனை வைங்க" என்றேன். வேலையிடத்தில் நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "நம்ம கதையில பையன் வரப்போறான்னு அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேம். போன் பண்ணிட்டுத்தானே வரான்."

"பல வருஷம் கழிச்சுப் பிள்ளை வரான்னு தெரிஞ்ச அம்மா, வெளுத்துப்போன சுவரும் துருப்பிடிச்ச கூரையுமா வீட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளா? கடன் வாங்கியாவது வெள்ளையடிக்க மாட்டாளா?"

நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் அந்த அறையைக் காட்டினேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். நாங்கள் வறுமையைப் படம் எடுக்க வந்திருக்கிறோம். போட்டோ எடுக்கிறோம் என்றால் யாராவது கிழிசலைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்களா? எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெளுத்த நீலத்தைப் பார்த்துக் கண் கலங்கியதற்காகவும் சேர்த்துத்தான்.

இயக்குநர் திரும்பி வாசலுக்கு வந்தார். அப்போதுதான் கவனித்தோம், அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் மாம்பழ மஞ்சள் பட்டையாக ஒட்டியிருந்தது. தூண் இன்னும் காயவில்லை. "ஐயோ தம்பி, கடைசியா அதத்தான் விடியக்காலையில அடிச்சோம்!" என்று அக்கா மண்ணெண்ணெய்த் துணியோடு ஓடி வந்தார். இயக்குநர் துடைக்க விடவில்லை. தோளைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். பிறகு வேன் நின்ற இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மேம்" என்று அங்கிருந்தே கத்தினார். "நம்ம கதையில பையனுக்கு வீடு அடையாளம் தெரியல. நமக்குத் தெரியாத மாதிரியே. வேற வீட்டுக்கு வந்துட்டமான்னு நிக்கறான். அப்புறம் தூணைப் புடிக்கறான். கையில பெயின்ட் ஒட்டுது. அம்மா வேற எதுவும் பேச வேணாம்."

குணாவுக்குத் தொப்பை குலுங்கச் சிரிப்பு வந்தது. பரமேஸ்வரி அக்காவுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. "வீடு புடிச்சிருக்காம்மா?" என்று என்னிடம் கேட்டார். பிடித்திருக்கிறது, தைப்பூசத்துக்கு முன்பே வந்து எடுத்துவிடுவோம் என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் இலைக்கட்டு இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். இயக்குநர், நண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது, வேண்டாம் என்றார். இரண்டு நண்டு விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். மூன்று முறை சொல்ல வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா வேன் வரைக்கும் வந்தார். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு தயங்கினார். "ஏம்மா, அந்த மகனா நடிக்கப் போறாரே, அவரு யாரு?"

பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

"அவருக்குச் சாப்பிட என்ன புடிக்கும்? கேட்டுச் சொல்றீங்களா? அவ்வளவு தூரத்துலேர்ந்து வரவரு."

பெர்த்திலிருந்து வருகிறேன் என்றவன் வருவானா என்று நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. "யூனிட்டுக்குச் சாப்பாடு தனியா வந்திரும்க்கா. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன்.

"சரிம்மா, சரிம்மா" என்றார்.

வண்டி செம்பனைக்குள் திரும்பும் வரை அந்த மஞ்சள் தெரிந்துகொண்டே இருந்தது. குணாவிடம் சொன்னேன், "ஷூட்டிங் அன்னைக்கு ஹீரோவுக்கு மட்டும் யூனிட் சாப்பாடு வேண்டாம்னு சொல்லிடுங்க."